அழும் முகத்தை விட்டு விலகி நிற்கும் கேமரா

குறும்படக் கலை குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



ஒரு காலத்தில் படம் எடுப்பதென்றால் சொத்தை விற்க வேண்டும் என்பார்கள். இன்று அந்த நிலை இல்லை. கையில் இருக்கும் தொலைபேசியிலேயே கேமரா இருக்கிறது. வீட்டுக் கணினியில் படத்தொகுப்பைச் செய்துவிடலாம். நடிக்க நண்பர்கள் இருக்கிறார்கள். கதைக்கும் பஞ்சமில்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்திற்கு வந்த குடும்பங்கள், அடுக்குமாடி வீட்டில் பகல் முழுவதும் தனியாக இருக்கும் பாட்டிமார்கள், விடியற்காலையில் ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படும் அப்பாக்கள் என்று நம்மைச் சுற்றி ஆயிரம் கதைகள் நடந்துகொண்டிருக்கின்றன.

ஆயினும் நம் இளைஞர்கள் எடுக்கும் குறும்படங்கள் பலவற்றில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. தாய்க்குத் துயரச் செய்தி ஒன்று வருகிறது. உடனே கேமரா அவர் முகத்திற்கு மிக அருகில் போய்விடுகிறது. கண்ணில் நீர் திரள்கிறது. பின்னணியில் வயலின் அழுகிறது. அதே முகம் மூன்று கோணங்களில் மூன்று முறை காட்டப்படுகிறது. நடித்தவர் உண்மையாகவே அழுதிருப்பார். படப்பிடிப்பில் உடனிருந்தவர்களும் கண் கலங்கியிருப்பார்கள். ஆனால் திரையில் பார்ப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர் தொலை இயக்கியைத் தேடுகிறார்.

இது ஏன் நடக்கிறது? நடிப்பில் குறையா? கதையில் குறையா? பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. கேமராவை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது, யார் முகத்தைக் காட்டுவது என்று முடிவு செய்த இடத்தில்தான் குறை இருக்கிறது. அந்த முடிவைப் பற்றித்தான் இன்றைய உரை.

முகம் தனியாகப் பேசுவதில்லை

ரஷ்யாவில் 1920-ஆம் ஆண்டுவாக்கில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். மொஸ்யூகின் என்ற நடிகரின் உணர்ச்சி எதுவும் காட்டாத முகத்தை எடுத்துக்கொண்டார். அந்த ஒரே முகத்தை ஒரு தட்டு சூப்புக்கு அடுத்தும், சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு குழந்தைக்கு அடுத்தும், ஓர் அழகிய பெண்ணுக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் நடிகரைப் பாராட்டினார்களாம். பசியை எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறார், துயரத்தை எவ்வளவு ஆழமாகக் காட்டுகிறார் என்று வியந்தார்களாம். உண்மையில் முகம் மாறவே இல்லை. மாறியது பக்கத்தில் வைத்த காட்சிதான்.

இந்தச் சோதனை திரைப்படப் பள்ளிகளில் முதல் பாடங்களில் ஒன்றாகச் சொல்லித் தரப்படுகிறது. இதிலிருந்து இளம் இயக்குநர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உணர்ச்சி நடிகரின் முகத்தில் மட்டும் பிறப்பதில்லை. பார்ப்பவரின் மனத்தில் அது பிறக்கிறது. இந்த முகம் எதைப் பார்க்கிறது, எதை இழந்தது என்று அவர் தாமாகவே சேர்த்துப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. எல்லாவற்றையும் முகமே அழுது சொல்லிவிட்டால் பார்ப்பவருக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது.

மூன்று தூரங்கள்

கேமராவின் மொழியில் எத்தனையோ வகை ஷாட்டுகள் உண்டு. ஆனால் யதார்த்தக் குறும்படம் எடுப்பவர் மூன்று தூரங்களை நன்றாகப் புரிந்துகொண்டாலே போதும்.

முதலாவது, லாங் ஷாட் எனப்படும் தூரக் காட்சி. மனிதர் சிறிதாகவும் அவரைச் சுற்றியுள்ள இடம் பெரிதாகவும் தெரியும். இடத்தை அறிமுகப்படுத்த மட்டுமே இது பயன்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தனிமை, கையாலாகாத நிலை, உலகம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் ஆகியவற்றை இதைவிட நன்றாக எந்த ஷாட்டும் சொல்லாது.

இரண்டாவது, மிட் ஷாட் எனப்படும் இடைநிலைக் காட்சி. இடுப்புக்கு மேலே தெரியும். கைகள் சட்டத்திற்குள் இருக்கும் என்பதே இதன் பெரிய பலம். நம் மக்கள் கையால் பேசுபவர்கள். முந்தானையைத் திருகுவது, சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பது, தேநீர்க் கோப்பையை வெறுமனே சுற்றிக்கொண்டிருப்பது என்று வாய் மறைப்பதையெல்லாம் கை சொல்லிவிடும். மேலும், இருவரை ஒரே சட்டத்தில் வைத்தால் அவர்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் தெரியும். கணவனும் மனைவியும் நீண்ட நாற்காலியின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தால் வசனம் எதற்கு?

மூன்றாவது, குளோஸ்-அப் எனப்படும் அண்மைக் காட்சி. இது கையிலிருக்கும் பணத்தைப் போன்றது. காலையிலேயே செலவழித்துவிட்டால் மாலையில் தேவைப்படும்போது இருக்காது. 10 நிமிடப் படத்தில் 40 குளோஸ்-அப் இருந்தால் நாற்பதும் ஒன்றுதான். ஒரு சில மட்டும் இருந்தால் ஒவ்வொன்றும் பார்ப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

இவற்றோடு உயரமும் முக்கியம். கண் மட்டத்திற்கு மேலேயிருந்து பார்த்தால் மனிதர் சிறுத்துப் போகிறார். கீழேயிருந்து பார்த்தால் பெரிதாகிறார். கண் மட்டத்தில் வைத்தால் நமக்குச் சமமாகிறார். குழந்தைகளை எடுக்கும்போது பலர் நின்ற நிலையிலேயே எடுத்துவிடுகிறார்கள். கேமராவைக் குழந்தையின் கண் மட்டத்திற்கு இறக்கினால் அதே வீடு, அதே அப்பா, அதே அதட்டல் எல்லாமே வேறாகத் தெரியும்.

வசனமே இல்லாத ஒரு படம்

இவையெல்லாம் ஒன்று சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். சத்யஜித் ராய் 1964-ஆம் ஆண்டு எடுத்த ‘டூ’ என்ற குறும்படத்தைப் பார்க்கலாம். எஸ்ஸோ வேர்ல்ட் தியேட்டர் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் இது. ஏறக்குறைய 12 நிமிடம் ஓடும். ஆங்கிலத்தில் எடுத்துத் தரும்படி கேட்டிருக்கிறார்கள். வங்காளத்துக் குழந்தைகளை ஆங்கிலம் பேச வைப்பதற்குப் பதிலாக, ராய் பேச்சே இல்லாமல் எடுத்துவிட்டார்.

கதை எளிது. பெரிய வீட்டில் ஒரு பணக்காரச் சிறுவன். அவன் கையில் கொக்கக் கோலாப் புட்டி. அறை நிறைய விளையாட்டுச் சாமான்கள். வெளியிலிருந்து புல்லாங்குழல் ஓசை கேட்கிறது. சன்னல் வழியாகப் பார்க்கிறான். கீழே ஒரு குடிசை. அதன் அருகே ஓர் ஏழைச் சிறுவன் குழல் ஊதிக்கொண்டிருக்கிறான். இவன் தன் பொம்மைத் துத்தாரியை எடுத்து அதைவிடச் சத்தமாக ஊதுகிறான். அவன் குடிசைக்குள் ஓடி ஒரு சிறிய மேளத்தைக் கொண்டு வருகிறான். இவன் மேளம் தட்டும் குரங்குப் பொம்மையைக் காட்டுகிறான். அவன் முகமூடி அணிந்து வில்லும் அம்புமாக வருகிறான். இவன் வகை வகையான முகமூடிகளையும் துப்பாக்கியையும் காட்டுகிறான். ஏழைச் சிறுவன் தோற்றுப் போய் உள்ளே செல்கிறான்.

சற்று நேரத்தில் சன்னலுக்கு வெளியே வானத்தில் ஒரு காற்றாடி பறக்கிறது. பணக்காரச் சிறுவன் நூலைப் பிடித்தபடியே கண்ணைக் கீழே கொண்டுவருகிறான். நூலின் மறுமுனையில் நிற்பவன் அந்த ஏழைச் சிறுவன். இவனுக்குப் பொறுக்கவில்லை. கவணால் அடித்துப் பார்க்கிறான், படவில்லை. காற்றுத் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான். காற்றாடி கிழிந்து விழுகிறது. ஏழைச் சிறுவன் கிழிந்த காற்றாடியோடு கண்ணீருடன் குடிசைக்குத் திரும்புகிறான். இவன் வெற்றிக் களிப்பில் எல்லாப் பொம்மைகளையும் ஒன்றாக ஓட விடுகிறான். அந்த இரைச்சலுக்கு நடுவே புல்லாங்குழல் மறுபடியும் கேட்கிறது. இயந்திர மனிதப் பொம்மை நடந்து வந்து, அடுக்கி வைத்திருந்த கோபுரத்தைத் தள்ளிவிடுகிறது. சிறுவன் சிந்தனையில் ஆழ்ந்து உட்கார்ந்திருக்கிறான். படம் முடிகிறது.

இந்தப் படத்தில் கேமரா எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். படத்தின் பெரும்பகுதியில் அது பணக்காரச் சிறுவனின் பக்கத்தில், சன்னலின் உள்ளே இருக்கிறது. ஏழைச் சிறுவனை உயரத்திலிருந்து, தூரத்திலிருந்து பார்க்கிறோம். பார்க்கும் கோணமே வர்க்க வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. இவன் மேலே, அவன் கீழே. இவனுக்குக் கூரை, அவனுக்கு வெட்டவெளி. ஒரு வார்த்தை வசனம் தேவைப்படவில்லை.

காற்றாடிக் காட்சியில் முதன்முறையாகப் பணக்காரச் சிறுவன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவரை கீழே குனிந்து பார்த்தவனுக்கு, ஏழைப் பையனின் பொருள் ஒன்று தன்னைவிட உயரத்தில் இருக்கிறது. அவனுக்கு வந்த பொறாமையை அந்தப் பார்வையின் திசையே விளக்கிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் படம் யாரிடம் முடிகிறது என்று பாருங்கள். அழுதவன் ஏழைச் சிறுவன். ஆனால் கடைசியில் கேமரா நிற்பது வென்றவனிடம். எதையோ இழந்துவிட்டோம் என்று அவனுக்கு இலேசாகப் புரியத் தொடங்கும் நேரம் அது. ஏழைச் சிறுவனின் கண்ணீரில் படம் முடிந்திருந்தால் நாம் “பாவம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்போம். வென்றவன் அருகில் முடிந்ததால், போகும்போது ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.

யதார்த்தப் படங்களில் இந்த முறையைப் பல இடங்களில் காணலாம். 1948-ஆம் ஆண்டு வெளிவந்த டிசிக்காவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்தின் இறுதியில் தந்தை தாமே ஒரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண் முன்னே பிடிபடுகிறார். கூட்டம் அவரை அடிக்கிறது. தந்தையின் அவமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகனின் முகத்தில்தான் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. சிறுவன் கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தட்டுகிறான். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். இருவரும் கூட்டத்தில் கலந்து மறைகிறார்கள். அப்பாவாக நடித்தவர் ஓர் ஆலைத் தொழிலாளி. தேர்ந்த நடிகர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

வெட்டக் கூடாத இடம்

எங்கே வெட்டுவது என்பதைப் போலவே, எங்கே வெட்டாமல் இருப்பது என்பதும் ஒரு முடிவுதான்.

ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் முதல் படம் 1970-ஆம் ஆண்டு வந்த ‘ரொட்டியும் சந்தும்’. சுமார் 10 நிமிடக் குறும்படம். ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் ஒரு சிறுவனைச் சந்தில் ஒரு நாய் வழிமறிக்கிறது. பயந்து நிற்கிறான். பெரியவர் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான், பலிக்கவில்லை. கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுகிறான். நாய் நட்பாகி அவனோடு வீடுவரை வருகிறது.

சிறுவனும் நாயும் வீட்டை அடையும் காட்சியில் இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர், அதைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிவிடலாம் என்றார். சிறுவனும் நாயும் ஒரே சட்டத்தில் நடந்து வர வேண்டும், அவன் உள்ளே போக வேண்டும், நாய் வாசலில் படுக்க வேண்டும், எல்லாம் ஒரே ஷாட்டில் நடக்க வேண்டும் என்று புதியவரான கியரோஸ்தமி பிடிவாதமாக நின்றார். அந்த ஒரு ஷாட்டுக்காக ஏறக்குறைய 40 நாள் காத்திருந்ததாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

அந்தப் பிடிவாதத்திற்குக் காரணம் உண்டு. பயம் தீர்ந்து நட்பு பிறந்தது என்பதுதான் கதை. சிறுவனைத் தனியாகவும் நாயைத் தனியாகவும் காட்டினால், இரண்டும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவைதானா என்றுகூட நமக்குத் தெரியாது. ஒன்றாகக் காட்டினால் நம்புகிறோம். இரண்டு பேர் ஒரே இடத்தில் இருப்பதுதான் காட்சியின் உயிர் என்றால், அந்த இடத்தில் வெட்டக் கூடாது என்பது பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸானின் கொள்கையும்கூட.

மலேசியாவிலேயே இதற்கு ஓர் இனிய சான்று உண்டு. மறைந்த இயக்குநர் யாஸ்மின் அமாட் 2007-ஆம் ஆண்டு மெர்டேக்கா தினத்தையொட்டிப் பெட்ரோனாஸுக்காக எடுத்த ‘காதலில் தான் ஹொங் மிங்’ விளம்பரப் படம் பலருக்கு நினைவிருக்கும். ஒரு சீனச் சிறுவன் தனக்குப் பிடித்த மலாய்ச் சிறுமியைப் பற்றிக் கேமரா முன் வெட்கத்துடன் சொல்கிறான். கேமரா அவசரப்படாமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சிறுமியும் அவன் பெயரையே சொல்லும்போது அவன் முகத்தில் வரும் மாற்றத்தை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. காத்திருந்ததால் கிடைத்தது அது. உணர்ச்சி என்றால் சோகம் மட்டுமல்ல, மகிழ்ச்சியும்தான் என்பதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

பாட்டியும் விளக்குமாறும்

இனி, நம் இளைஞர் ஒருவர் எடுக்கக்கூடிய ஒரு காட்சியைப் பயிற்சிக்காக எடுத்துக்கொள்வோம்.

ஒரு ரப்பர் தோட்டம். வீடமைப்புத் திட்டத்திற்காக நிலம் கைமாறிவிட்டது. லயன் வீடுகளைக் காலி செய்ய வேண்டிய கடைசி நாள். 40 ஆண்டுகள் பால்மரம் சீவிய ஒரு பாட்டி. அவரை அழைத்துப் போகப் பட்டணத்திலிருந்து பேரன் வந்திருக்கிறான். சாமான்கள் லோரியில் ஏறிவிட்டன. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். பாட்டியோ விளக்குமாற்றை எடுத்து அஞ்சடியைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

“பாட்டி, போதும் வாங்க. லோரிக்காரரு காத்திருக்காரு.”

“இருய்யா. குப்பையோட விட்டுட்டுப் போனா, அடுத்து வர்றவங்க நம்மள என்னா நினைப்பாங்க?”

அடுத்து வரப்போவது மனிதர்கள் அல்லர், மண்வாரி இயந்திரம் என்பது பேரனுக்குத் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவுதான் காட்சி. இதை எப்படி எடுப்பது?

வழக்கமான முறை நமக்குத் தெரியும். பாட்டியின் முகம் குளோஸ்-அப். நடுங்கும் உதடு. கண்ணீர். பழைய நினைவுகள் கறுப்பு வெள்ளையில். சோகப் பாட்டு. இப்படி எடுத்தால் ஒரு பெரிய தவறு நேரும். அந்த நேரத்தில் பாட்டி அழவில்லை. அவர் தினமும் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். அவரை அழ வைத்தால் அது இயக்குநரின் கண்ணீர், பாட்டியுடையது அல்ல.

வேறு விதமாக யோசிக்கலாம். முதல் ஷாட், தூரக் காட்சி. வரிசையாக லயன் வீடுகள். பாதி வீடுகளில் கதவில்லை. ஒரு லோரி. அதில் கட்டில், அலுமினியப் பானைகள், குளிர்பதனப் பெட்டி. அந்தப் பெரிய சட்டத்தின் ஓரத்தில் சிறிய உருவமாகப் பாட்டி. 10 விநாடி அசையாமல் இருக்கட்டும். ஒரு வாழ்க்கை முழுவதும் ஒரு லோரிக்குள் அடங்கிவிட்டது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது ஷாட், வீட்டின் உள்ளே. காலியான சுவர். சாமிப் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளிறிய கட்டங்களாகத் தெரிகின்றன. அவற்றின் கீழே விளக்குப் புகை படிந்த கறை. பேரன் உள்ளே வந்து எதுவும் விடுபட்டதா என்று பார்க்கிறான். இடைநிலைக் காட்சி போதும்.

மூன்றாவது ஷாட், கேமரா இருட்டான வீட்டுக்குள் இருந்துகொண்டு திறந்த கதவின் வழியாக வெளியே பார்க்கிறது. கதவு நிலையே ஒரு சட்டம். அதற்குள் வெளிச்சத்தில் பாட்டி, முதுகைக் காட்டியபடி கூட்டிக்கொண்டிருக்கிறார். ஹாரன் ஒலிக்கிறது. அவர் நிறுத்தவில்லை. 20 விநாடி வெட்டாமல் விட வேண்டும். விளக்குமாற்றின் ஓசை மட்டும் போதும்.

நான்காவது ஷாட்டில் பேரனும் பாட்டியும் ஒரே சட்டத்தில். அந்த இரண்டு வரி வசனம் இங்கே வருகிறது.

ஐந்தாவதுதான் குளோஸ்-அப். அது பேரனுக்கு. பாட்டி சொன்னதைக் கேட்டு அவனுக்குப் புரிகிறது. சொல்ல வாய் வருகிறது, சொல்லாமல் இருக்கிறான். 6 விநாடி. கூட்டும் ஓசை தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. காட்சியின் ஒரே குளோஸ்-அப் இதுவே. காட்சியில் யார் மனம் மாறுகிறதோ அவருக்கே அது உரியது.

ஆறாவது, மீண்டும் சற்றுத் தள்ளி. பேரன் கீழே உட்கார்ந்து முறத்தைப் பிடிக்கிறான். பாட்டி குப்பையைத் தள்ளுகிறார். இருவரும் ஒரே சட்டத்தில். பிறகு பாட்டி விளக்குமாற்றை வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டுக் கதவைப் பூட்டுகிறார். அங்கேயே நிறுத்திவிடலாம். லோரி போவதைக் காட்ட வேண்டியதில்லை.

ஆறு ஷாட். ஒரு நாளில் எடுத்துவிடலாம். விளக்கு வாடகை இல்லை. பின்னணி இசை இல்லை. பார்ப்பவர் கண்ணில் நீர் வந்தால் அது அவருடைய பாட்டியை நினைத்து வந்த நீராக இருக்கும்.

அழுகையைக் காட்டவே கூடாதா?

இப்படிச் சொன்னால் ஒரு கேள்வி எழும். அழுகிறவர் முகத்தைக் காட்டவே கூடாதா? அப்படி ஒரு சட்டம் இல்லை. ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955-ஆம் ஆண்டு வெளிவந்தது. வெளியூரிலிருந்து திரும்பும் தந்தை, மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கென்று வாங்கி வந்த சேலையை மனைவியிடம் எடுத்துக் கொடுக்கிறார். தாய் உடைந்து அழுகிறார். முகம் காட்டப்படுகிறது. ஆனால் அழுகுரல் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற இசைக் கருவி ஒலிக்கிறது. உருவத்தைக் கொடுத்துவிட்டு ஓசையை எடுத்துக்கொண்டார் இயக்குநர். பார்ப்பவர் அந்தக் குரலைத் தம் மனத்திற்குள் கேட்கிறார்.

அந்தக் காட்சிக்கு முன் படத்தில் நாம் அந்தக் குடும்பத்தோடு நெடுநேரம் வாழ்ந்திருக்கிறோம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. குறும்படத்தில் அந்த வசதி இல்லை. அறிமுகமான இரண்டாவது நிமிடத்திலேயே ஒருவர் நம் முகத்தருகே வந்து அழுதால், இழவு வீட்டில் அறிமுகமில்லாதவர் நம் தோளில் சாய்ந்ததைப் போல் நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும்.

சில நடைமுறைக் குறிப்புகள்

தொலைபேசியில் படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தொலைபேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. அதை முகத்திற்கு மிக அருகில் கொண்டு சென்றால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னால் போய்விடும். சோகக் காட்சியில் சிரிப்பு வந்துவிடும். இரண்டு மடங்கு நெருக்கிக் காட்டும் லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தி, இரண்டு மூன்று அடி பின்னால் நின்று எடுப்பது நல்லது. நடிப்பவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல் விளக்கின் கீழ் எடுக்கும்போது விநாடிக்கு 25 சட்டமும், ஷட்டர் வேகம் ஐம்பதில் ஒரு பங்கு விநாடியும் வைத்தால் வெளிச்சம் துடிப்பதைத் தவிர்க்கலாம்.

இருவர் பேசும்போது அவர்களுக்கு இடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமராவைக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போலாகி, பார்ப்பவர் குழம்புவார். உணர்ச்சி அறுந்துவிடும்.

நடிகர் வசனத்தை முடித்தவுடன் “கட்” சொல்லிவிடாதீர்கள். ஐந்து விநாடி பொறுங்கள். வசனம் முடிந்த பிறகு முகத்தில் வருவதுதான் பல நேரங்களில் உண்மையானது.

அனுபவமில்லாதவர்களை நடிக்க வைக்கும்போது கனமான குளோஸ்-அப்பை நாளின் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டாம். பத்து முறை எடுத்த பிறகு அவர்களிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. படப்பிடிப்பு முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். மின்விசிறி, தூரத்துச் சாலை, காக்கை எதுவானாலும் சரி. இசை போடத் தோன்றும் இடங்களில் இதைப் போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். கேமரா ஏன் இங்கே இருக்கிறது? “அழகாக இருக்கும்” என்ற பதில் போதாது. “பேரனுக்கு இப்போதுதான் புரிகிறது” என்பது பதில்.

யாருடைய கதை?

நம் மக்களின் வாழ்க்கையைத் திரையில் நம்மவர்களே சொல்லும் காலம் வந்திருக்கிறது. தோட்ட வாழ்க்கையை வைத்து ‘செம்மண் சாலை’ 2005-ஆம் ஆண்டு வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனை வைத்து ‘ஜகாட்’ 2015-ஆம் ஆண்டு வந்தது. சிங்கப்பூரின் அந்தோணி சென், மரணப் படுக்கையில் இருக்கும் பாட்டியைப் பற்றி எடுத்த ‘ஆ மா’ குறும்படம் 2007-ஆம் ஆண்டு கான் விழாவில் சிறப்புப் பாராட்டைப் பெற்றது. பாட்டி இல்லாத வீடு எங்கும் இல்லை. ஆகவே கதை சிறியது என்று யாரும் தயங்க வேண்டாம்.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்த அந்தத் தலைமுறை இப்போது குறைந்துகொண்டே வருகிறது. நாளைய பிள்ளைகள் அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போவது பெரும்பாலும் படங்களின் வழியாகத்தான். எல்லாப் படத்திலும் அவர்கள் அழுதுகொண்டே இருந்தால், நம் பாட்டன் பாட்டிகள் அழுவதற்கென்றே பிறந்தவர்கள் என்று அந்தப் பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். அவர்கள் விடியலில் எழுந்தார்கள், உழைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், இடியப்போகும் வீட்டையும் கூட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பெருமிதத்தையும் கேமரா பதிவு செய்ய வேண்டும். அதற்குச் சில நேரங்களில் நான்கு அடி பின்னால் நகர்ந்து, கண் மட்டத்தில் நின்று, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அடுத்த முறை ஒரு சோகக் காட்சி எடுக்கும்போது, கேமராவை முகத்தருகே கொண்டு போகும் முன் ஒரு கணம் நில்லுங்கள். இந்த அறையில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனின் முகத்தில் உங்கள் படம் இருக்கக்கூடும்.